தகரக் கூரையும் தலைமுறைக் கணக்கும்

நாவலப்பிட்டியில் வீடு கட்ட நினைக்கும் எவரும் முதலில் மழையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். மகாவலியின் கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 590 மீற்றர் உயரத்தில் அமைந்த இந்நகரம், தென்மேல் பருவக்காற்றை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் மலைச்சரிவுகளின் மடியில் இருக்கிறது. அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்கிறது. இலங்கையில் மிகக் கூடுதலான மழையைப் பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. கினிகத்தேனை முதல் கம்பளை வரையான பிரதேசத்தில் வைகாசி பிறந்தால் துணி காய்வதில்லை, விறகு எரிவதில்லை, சுவர் உலர்வதில்லை. இத்தகைய மண்ணில் ஒரு குடும்பத்தின் நிம்மதியான உறக்கம் கூரையிலேயே தங்கியிருக்கிறது என்பது மிகையான கூற்றன்று.

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி கரைகடந்த டித்வா புயல் இவ்வுண்மையை மீண்டுமொரு தடவை கொடூரமாக உணர்த்திச் சென்றது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அவ்வனர்த்தத்தில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே பேரிழப்பைச் சந்தித்தன. மண்ணுக்குள் புதைந்த வீடுகள் ஒருபுறமிருக்க, சுவர் நின்றும் கூரை சிதைந்த வீடுகள் பல. அவற்றைத் திருத்தியமைக்கும் குடும்பங்களிடம் எழும் கேள்வி ஒன்றேதான்: எதைப் போடுவது? ஓடா, அஸ்பெஸ்டஸ் தகடா, தகரமா?

இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஹார்ட்வெயார் கடையில், கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் விடை காணப்படுகிறது. ஆனால், அந்த ஐந்து நிமிடத் தீர்மானத்தின் கீழ் ஒரு குடும்பம் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த தாயின் பணமும், கொழும்புக் கடையில் நின்ற மகனின் சம்பளமும், ஊழியர் சேமலாப நிதியாக ஒரே தடவை கைக்கு வரும் தோட்டத் தொழிலாளியின் வாழ்நாள் சேமிப்பும் கடைசியில் கூரையாகவே மாறுகின்றன. ஆகவே, தகரக் கூரையின் நீண்டகாலப் பெறுமதியைச் சற்று ஆறுதலாக ஆராய்வது பயனுடையதாகும்.

மலையேறி வந்த தகரம்

நெளிவெடுத்த இரும்புத் தகட்டிற்கு இலண்டன் துறைமுகக் கம்பனியைச் சேர்ந்த பொறியியலாளர் ஹென்றி ரொபின்சன் பாமர் 1829இல் காப்புரிமை பெற்றார். தட்டையான தகட்டை நெளித்தவுடன் அது பன்மடங்கு விறைப்படைகிறது. மெல்லிய தகடும் பெரும் பரப்பைத் தாங்குகிறது. அதன் ஒரே பலவீனம் துரு. 1837இல் பிரான்ஸைச் சேர்ந்த ஸ்ரானிஸ்லஸ் சொரெல், உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நெளிவும் துத்தநாகப் பூச்சும் ஒன்று சேர்ந்தபோது குடியேற்ற நாடுகளின் கட்டடக் கலையே மாறிப்போனது.

இலங்கையின் மலைநாட்டில் அம்மாற்றம் கோப்பியோடும் தேயிலையோடும் வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கிய 1867ஆம் ஆண்டிலேயே கொழும்பு – கண்டி இரயில் பாதையும் திறக்கப்பட்டது. 1874இல் இரயில் நாவலப்பிட்டியை வந்தடைந்தது. ஹட்டனுக்குப் பாதை நீண்டது 1884இலேயே. இடைப்பட்ட பத்தாண்டுகள் நாவலப்பிட்டியே பாதையின் முனையமாக விளங்கியது. மேல்மலைத் தோட்டங்களுக்கு வேண்டிய பண்டங்கள் இங்கு வந்திறங்கி, மாட்டு வண்டியிலும் மனிதத் தலையிலும் மலையேறின. பாரமற்றதும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கூடியதும், தேர்ந்த கைவினைஞர் இன்றியே பொருத்தக் கூடியதுமான நெளித்தகரம் தோட்டத்துரைமாருக்கு மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

தேயிலைத் தொழிற்சாலைகளின் கூரையும் பல இடங்களில் சுவரும் தகரத்தாலேயே எழுந்தன. மானாப்புல் வேய்ந்த ஆரம்பகாலக் குடிசைகள் போய், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களைக் கொண்ட லயங்கள் எழுந்தபோது அவற்றின் மீதும் தகரமே ஏறியது. இவ்விரு கூரைகளுக்கும் நேர்ந்த கதிதான் இன்று நாம் கற்க வேண்டிய முதற்பாடம். தொழிற்சாலைத் தகரம் காலத்துக்குக் காலம் வர்ணம் பூசப்பட்டு, ஆணி மாற்றப்பட்டு, பீலி துப்புரவாக்கப்பட்டு, நூறாண்டைக் கடந்தும் நிற்பதைக் காண்கிறோம். லயத்துத் தகரமோ அடுப்புப் புகையில் கறுத்து, துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, காற்றுக்குப் பறக்காதிருக்கக் கல்லும் மணல் மூட்டையும் பழைய டயரும் சுமந்து நிற்கிறது. உலோகம் ஒன்றே, பராமரித்தவர் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

அஸ்பெஸ்டஸும் தேயிலையும்

தகரத்தின் இடத்தைப் பிற்காலத்தில் அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடு பெருமளவில் பிடித்துக்கொண்டது. துருப்பிடிக்காது, விலை மலிவு, மழை இரைச்சல் குறைவு, வெயிலில் தகரமளவு சுடாது என்பன அதன் அனுகூலங்கள். இவற்றை மறுப்பதற்கில்லை. நகரத்து வீடு, பாடசாலை, பள்ளிவாசல், கோவில் மண்டபம், தோட்டத்து வீடு என எங்கும் சாம்பல் நிறத் தகடுகளைக் காண முடிகிறது.

இத்தகட்டில் பெரும்பகுதி சீமெந்து; பத்திலொரு பங்களவு கல்நார். அந்நாரே பிரச்சினை. வெண் அஸ்பெஸ்டஸ் உட்பட அதன் எல்லா வகைகளும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவாகும். கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள் சுவாசப்பையில் தங்கி, இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுகிறது. உடையாமல், தொந்தரவு செய்யப்படாமல் இருக்கும் கூரையால் வரும் ஆபத்துக் குறைவு. வெட்டும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் உரசும்போதுமே துகள் கிளம்புகிறது. ஈரவலயத்தில் பாசி படராத அஸ்பெஸ்டஸ் கூரை இல்லை. அதை உரசித் தேய்க்காத வீட்டுக்காரரும் குறைவு என்பதே நமது கவலை.

நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடை செய்தது. வெண் அஸ்பெஸ்டஸின் இறக்குமதியையும் 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்துவதென அரசாங்கம் தீர்மானித்திருந்தது. அப்போது நடந்ததை மலையக மக்கள் மறந்துவிடலாகாது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையை வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. உலகில் மிகக் கூடுதலாக வெண் அஸ்பெஸ்டஸை உற்பத்தி செய்யும் நாடும் ரஷ்யாவே. அஸ்பெஸ்டஸ் மீதான கட்டுப்பாட்டை இலங்கை ஒத்திவைத்தது. அம்மாத இறுதிக்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பிருந்ததாக அப்போது பரவலாகப் பேசப்பட்டது. தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் தலைக்கு மேலுள்ள கூரையின் தன்மையைத் தேயிலைச் சந்தையே தீர்மானித்தது போலாகிவிட்டது. பறித்தவரிடம் எவரும் கேட்கவில்லை.

புயலுக்குப் பின்னர் இவ்விடயம் மேலும் அவசரமாகியுள்ளது. உடைந்த அஸ்பெஸ்டஸ் துண்டுகளைச் சேற்றுப் பாதையில் பரப்புவதும், சுத்தியலால் நொறுக்கிக் குழி நிரப்புவதும் கூடாது. அகற்றுவோர் முதலில் நீரால் நன்கு நனைத்து, இயன்றவரை முழுத்தகடாகவே கழற்றி, முகத்தை முறையான கவசத்தால் மூடி, துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் கட்டி, உள்ளூராட்சி மன்றத்தின் அறிவுறுத்தல்படி ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளை அவ்விடத்திற்கு அண்டவிடக் கூடாது.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய தொழிற்சாலை வழியே புகழ்பெற்ற தட்டையோடு, நம்மவர் நாவில் கலிகட் ஓடாகி, கண்டிப் பிரதேச வீடுகளுக்கு அழகும் குளிர்ச்சியும் தந்தது. ஆனால் சதுர மீற்றருக்கு 40 கிலோவுக்கு மேற்பட்ட பாரம், அதைத் தாங்கும் மரத்தின் விலை, அடாத மழையில் ஓட்டிடுக்கால் புகும் நீர், எல்லாவற்றுக்கும் மேலாகக் குரங்குத் தொல்லை எனப் பல காரணங்களால் ஓட்டுக்கூரையைக் கைவிடுவோர் பெருகி வருகின்றனர். குரங்குக் கூட்டம் ஒரு தடவை கடந்து சென்றால் பத்து ஓடு இடம்பெயரும் என்பது கண்டிவாசிகளின் அன்றாட அனுபவம்.

புதிய தகரம் எல்லாம் ஒன்றல்ல

இன்று கடைகளில் ‘அமானோ’ என்ற பொதுப்பெயரில் கேட்கப்படும் வர்ணத் தகடு பாட்டன் காலத்துத் தகரத்திலிருந்து வேறுபட்டது. நடுவே உருக்கு, அதன் இருபுறமும் உலோகப் பூச்சு, அதற்குமேல் வர்ணம். பூச்சு இருவகைப்படும். தனித் துத்தநாகம் ஒன்று. ஏறக்குறைய 55 வீதம் அலுமினியமும் எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாகமும் சிறிதளவு சிலிக்கனும் கலந்தது மற்றையது. பின்னையது 1970களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது.

துத்தநாகம் ஏன் இரும்பைக் காக்கிறது? காற்றும் நீரும் தாக்கும்போது இரும்புக்கு முன்னர் துத்தநாகமே கரைகிறது. கீறல் விழுந்த இடத்திலும் அது தன்னைத் தேய்த்து இரும்பைக் காப்பாற்றுகிறது. ஆகவே, கூரையின் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது பூச்சின் கனமே. சதுர மீற்றருக்கு இருபக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் பூசப்பட்டிருந்தால், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோன் தடிப்புக் கிடைக்கும். மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு. 100 கிராம் எனின் 7 மைக்ரோன்தான். கடற்காற்றில்லாத உள்நாட்டில் ஆண்டுக்கு ஒரு மைக்ரோன் தேய்கிறது என்று வைத்துக்கொண்டால், முதலாவது இருபதாண்டும் இரண்டாவது ஏழாண்டும் தாங்கும். கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒரே பளபளப்பு. இரண்டும் ஒரே நிறம். அலுமினியம் கலந்த பூச்சு அதே தடிப்பில் இதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக நின்றுபிடிக்கும்.

இவ்விடத்தில் சொந்த அனுபவமொன்றைக் குறிப்பிடலாம். பல ஆண்டுகளுக்கு முன்னர் எமது வீட்டின் பின்கட்டுக் கூரையை மாற்றியபோது, “எல்லாம் ஒரே சாமான்தான் சேர், நிறம் மட்டும் பாருங்கள்” என்றார் கடைக்காரர். நாமும் நிறத்தையே பார்த்தோம். ஏழாம் ஆண்டில் ஆணித் துளைகளைச் சுற்றித் துரு வளையம் எழுந்தது. ஒன்பதாம் ஆண்டில் சமையலறையில் பாத்திரம் வைத்து நீர் பிடித்தோம். கடைக்காரரைக் குறைகூறி என்ன பயன்? நாம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, தகட்டின் தடிப்பு என்ன, அது வர்ணமும் பூச்சும் சேர்ந்த தடிப்பா, வெறும் உருக்கின் தடிப்பா? 0.47 மில்லிமீற்றர் என்று சொல்லப்படும் இரு தகடுகள் இவ்வகையில் வேறுபடலாம். கேஜ் கணக்கில் சொன்னால் எண் கூடக்கூடத் தகடு மெலிகிறது என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டாவது, பூச்சு எது, சதுர மீற்றருக்கு எத்தனை கிராம்? மூன்றாவது, உத்தரவாதம் எதற்கு? வர்ணம் மங்குவதற்கா, துளை விழுவதற்கா? எழுத்தில் தருவார்களா? நான்காவது, ஆணியும் முகட்டுத் தகடும் பீலியும் அதே தரத்தனவா? விடை சொல்லத் தயங்கும் கடையிலிருந்து வெளியேறுவதற்கு வாடிக்கையாளருக்கு உரிமையுண்டு. ஒரே நீள அகலமுள்ள இரு தகடுகளைத் தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனையே. பாரம் பொய் சொல்வதில்லை.

நல்ல தகட்டைக் கெடுக்கும் கைகள்

தரமான தகட்டை வாங்கித் தவறாகப் பொருத்திக் கெடுத்துக்கொள்வோரே நம்மில் அதிகம். கிரைண்டரால் வெட்டும்போது பறக்கும் தீப்பொறிகள் தகட்டின் முகத்தில் ஒட்டிப் பூச்சைச் சுட்டுவிடுகின்றன. அடுத்த மழைக்கு அவ்விடமெல்லாம் துருப் புள்ளிகள். தகரம் வெட்டும் கத்தரியே பொருத்தமானது. துளையிட்ட இரும்புத் தூளைக் கூரையில் விடாது அன்று மாலையே துடைத்தெடுக்க வேண்டும். ஈரச் சீமெந்துக் கலவை அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். சுவரோரம் பூசும்போது சிந்தினால் காயும் முன்னரே கழுவ வேண்டும். செப்புக் குழாயின் நீர் இத்தகட்டின் மீது வடியக் கூடாது. பழைய ஈய வாசர்களையும் அலுமினியம் கலந்த தகட்டில் பாவிக்கலாகாது.

வாங்கிய தகடுகளை மழையில் அடுக்கி வைப்பது மற்றொரு தவறு. தகடுகளுக்கு இடையே புகுந்த நீர் வெளியேற வழியின்றி வெண்ணிறத் துருவை உண்டாக்கிவிடும். கூரையேறும் முன்னரே அதன் ஆயுளில் சில ஆண்டுகள் குறைந்துவிடுகின்றன.

நெளித்தகட்டில் றப்பர் வாசருடன் கூடிய ஸ்குரூ ஆணி மேட்டு நெளியில் ஏற வேண்டும், நீரோடும் பள்ளத்திலன்று. வாசர் நசுங்கிப் பிதுங்குமளவு முடுக்கினாலும் ஒழுகும், தளர்வாக விட்டாலும் ஒழுகும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு தென்மேல் காற்றுக்கு முதுகு காட்டியதாய் அமைதல் நன்று. மேல்கீழ் இணைப்பில் குறைந்தது 150 மில்லிமீற்றர் மேவுகை அவசியம். சரிவு குறைந்த கூரையில் அதற்கும் கூட.

காற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே உண்டு. காற்றுக் கூரையை அழுத்துவதாகவே நினைக்கிறோம். உண்மையில், சரிவின்மேல் விரையும் காற்றுக் கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. திறந்த கதவு வழியே புகுந்த காற்று உள்ளிருந்தும் தள்ளுகிறது. இவ்விரு விசைகளும் முகட்டிலும் தாழ்வார ஓரத்திலும் மூலைகளிலுமே உச்சம் பெறுகின்றன. எனவே, அவ்விடங்களில் ஆணிகள் நெருக்கமாக இருத்தல் வேண்டும். தகடு சட்டத்தைப் பிடித்தால் போதாது; சட்டம் வளையையும், வளை சுவரையும் இரும்புப் பட்டையால் பிடித்திருக்க வேண்டும். சதுர மீற்றருக்கு 4 அல்லது 5 கிலோ மட்டுமே பாரமுள்ள தகரக் கூரையைச் சுவரோடு கட்டாமல் விடுவது பட்டத்துக்கு நூல் கட்டாமல் விடுவதற்கு ஒப்பாகும். கூரைமேல் கல்லை வைப்பது இதற்குப் பரிகாரமன்று. புயலில் அக்கல்லே உயிருக்கு உலையாகும்.

வெப்பம், இரைச்சல், வியர்வை

தகரத்தின் குறைகளை மறைத்து அதற்கு வக்காலத்து வாங்குவது நமது நோக்கமன்று. நாவலப்பிட்டியில் பங்குனி, சித்திரை மதிய வெயிலில் வெறுந்தகரத்தின் கீழ் இருப்பவருக்குத் தெரியும் அதன் சூடு. பெருமழையில் ஆசிரியரின் குரல் மாணவரை எட்டாத வகுப்பறைகளை நாமறிவோம். மேல்மலையில் இரவில் வேறொரு தொல்லை: தகடு வேகமாகக் குளிர, அடுப்பின் ஆவியும் உறங்குவோரின் மூச்சும் அதன் அடியில் நீர்த்துளியாகி விடியற்காலையில் படுக்கையில் சொட்டுகின்றன. கூரை ஒழுகுவதாக எண்ணிப் பலர் மேலே தார் பூசுகின்றனர்; ஒழுகுவது உள்ளிருக்கும் ஈரமே.

மூன்றுக்கும் பரிகாரம் உண்டு. வெளிர் நிற வர்ணம் வெயிலைத் திருப்பியனுப்பும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் போடும் வெள்ளித்தாள் ஒட்டிய காப்பு விரிப்பு, இடைவெளி விட்டுப் பொருத்தினால் வெப்பத்தையும் சொட்டுதலையும் குறைக்கும். சீலிங் அடித்து, முகட்டிலும் தாழ்வாரத்திலும் காற்றுப்போக வழிவிட்டால் இரைச்சலும் குறையும், ஈரமும் வெளியேறும். விறகடுப்புக்குப் புகைபோக்கி அமைப்பது கூரைக்கும் நல்லது, குடும்பப் பெண்ணின் சுவாசத்துக்கும் நல்லது. புகைக்கரியும் ஈரமும் சேர்ந்தே லயத்துத் தகரங்களை அடியிலிருந்து தின்றன. இச்செலவுகளைக் கூரையின் விலையோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்; பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை பெரும்பாலும் பார்க்கப்படுவதேயில்லை.

கூரை நீரும் மலைச்சரிவும்

மலையக வீட்டில் கூரையைவிடப் பீலிக்குக் கூடுதல் கவனம் தேவை. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் தோட்டங்களில் கட்டப்படும் 550 சதுர அடி வீட்டையே எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 51 சதுர மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அக்கூரையிலிருந்து 2,500 லீற்றருக்கு மேற்பட்ட நீர் விழும். பீலியில்லாத வீட்டில் அத்தனையும் அத்திவாரத்தின் ஓரத்திலும், பின்புற மண்வெட்டின் அடியிலும், கீழ்வீட்டுக்காரரின் தலைமேலும் இறங்குகிறது. நீரூறிய சரிவு பாரமாகி, பிடிப்பிழந்து வழுக்குவதே மண்சரிவின் இயக்கம். ஒரு வீட்டின் கூரை நீர் மலையைச் சரிப்பதில்லை. ஆனால் நூறு வீடுகளின் நீர் வடிகாலின்றி ஒரே சரிவில் ஊறும்போது நிலைமை வேறு.

அதே நீர் சேமிக்கப்பட்டால் செல்வம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றர் மழை என்று குறைத்துக் கணித்தாலும் அச்சிறுகூரையில் ஒரு இலட்சத்து இருபத்தைந்தாயிரம் லீற்றருக்கு மேல் விழுகிறது. வர்ணத் தகட்டின் வழுவழுப்பு நீரைச் சேகரிக்க ஏற்றது. முதல் மழையின் அழுக்கை ஒதுக்கிவிட்டால் துணி துவைக்கவும் மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் போதுமானது.

இங்கே ஓர் எச்சரிக்கை தவிர்க்க முடியாதது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது அவற்றின் கூரை எதுவாக இருந்தது என்பது ஒரு பொருட்டாகவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானதென அடையாளமிட்ட நிலத்தில் புதுக்கூரை போடுவது பணத்தையும் உயிரையும் ஒருங்கே இழப்பதற்கான ஏற்பாடாகும். முதலில் நிலம், பிறகே கூரை.

விலையும் பெறுமதியும்

கூரையின் விலை வேறு, பெறுமதி வேறு. ஓர் உதாரணம் கொள்வோம். மலிவான தகட்டுக்கு 100 ரூபா, தரமானதற்கு 160 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முன்னது எட்டாண்டு, பின்னது இருபத்தைந்தாண்டு தாங்குமெனில், ஆண்டொன்றுக்கு முன்னதற்கு 12 ரூபா 50 சதம், பின்னதற்கு 6 ரூபா 40 சதம். மலிவே இருமடங்கு விலையாகிறது. ஒவ்வொரு தடவையும் பாஸ்மாருக்குக் கொடுக்கும் கூலி, நனைந்து கெட்ட அரிசி, வீங்கிப்போன அலுமாரி, பிள்ளையின் பாடப்புத்தகம் ஆகியன இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

அத்துடன், எட்டாண்டின் பின்னர் விலை என்னவாகும் என்பதை எவரறிவார்? 2022 மார்ச்சில் 200 ரூபா மட்டிலிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியபோது, இறக்குமதி உருக்கை நம்பிய கூரைத் தகடும் எட்டாக்கனியானது. அவ்வாண்டு கூரை மாற்ற நினைத்திருந்த பல குடும்பங்கள் பொலித்தீன் விரித்துக் காலந்தள்ளின. நெடுநாள் உழைக்கும் கூரை அத்தகைய அதிர்ச்சியிலிருந்து குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்புறுதியுமாகும்.

ஆயுள் முடிந்த பின்னும் தகரத்துக்கு விலையுண்டு. கூரையிலிருந்து இறங்கியது ஆட்டுக்கொட்டிலாகும், கோழிக்கூடாகும், வேலியாகும், கடைசியில் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறி மீண்டும் உருக்காகும். ஆயுள் முடிந்த அஸ்பெஸ்டஸ் அவ்வாறன்று. அதை அகற்றுவதற்கு நாமே செலவழிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்கிறோம் என்பதும் கணக்கில் ஒரு வரிதான்.

வருடத்தில் இரு தடவை, பருவமழைக்கு முன்னர், பீலியிலும் முகட்டிலும் தங்கிய இலைகளை அகற்றுதல், தளர்ந்த ஆணியை முடுக்குதல், வெடித்த வாசரை மாற்றுதல், துருப் புள்ளியைச் சுரண்டி அடிவர்ணம் பூசுதல் ஆகிய நான்கும் கூரையின் ஆயுளைப் பல்லாண்டு நீட்டும். பொதுக் கட்டடங்களின் பொறுப்பாளரும் இதைக் கவனிப்பது நன்று. கோபுரத்துக்கும் முகப்பு வளைவுக்கும் நன்கொடையாளர் உடனே கிடைக்கின்றனர். கூரையாணி மாற்றுவதற்கு எவரும் பெயர்ப்பலகை கேட்பதில்லையாதலால் கோவிலிலும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் அது தள்ளிப்போகிறது.

கூரைக்கு உரியவர் யார்?

இதுவரை கூறியவை அனைத்தும் ஓர் அனுமானத்தின் மீது நிற்கின்றன. கூரையின் கீழ் வாழ்பவரே அதன் உரிமையாளர் என்பதே அவ்வனுமானம். நாவலப்பிட்டி நகரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பலருக்கு அது பொருந்துவதில்லை. லயக் காம்பராவின் கூரை தோட்ட நிர்வாகத்தினது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகியும், 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்கு மாறியும், இஸ்தோப்பில் ஒழுகிய நீர் நிற்கவில்லை. சொந்தச் செலவில் கூரை மாற்றியவருக்கு அக்காம்பராவின் மீது எழுத்தில் எந்த உரிமையுமில்லை. உறுதிப்பத்திரமின்றி வங்கிக் கடனும் இல்லை. நகரத்துப் பழைய கடைவீடுகளில் வாடகைக்கிருக்கும் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. நாளை எழுப்பப்படலாம் என்றிருப்பவர் இருபத்தைந்தாண்டுத் தகட்டை ஏன் வாங்க வேண்டும்? எட்டாண்டுத் தகட்டை அவர் தேர்ந்தெடுப்பது அறியாமையால் அல்ல.

ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற ஏற்பாடு இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் மலையகத்தின் தேவையில் ஒரு பகுதியே. டித்வாவின் பின்னரான மீள்கட்டுமானம் எஞ்சியதை விரைவுபடுத்தும் வாய்ப்பாகும். ஆனால், அவசரத்தின் பெயரால் மெல்லிய தகடும், பீலியற்ற தாழ்வாரமும், பெயரில்லாத காணியும் கொடுக்கப்பட்டால், பத்தாண்டில் அவை புதிய லயங்களாகவே காட்சியளிக்கும்.

ஆகவே, மீள்கட்டுமானத்தில் பயன்படும் தகட்டின் உருக்குத் தடிப்பையும் பூச்சின் கனத்தையும் கேள்விப்பத்திரத்தில் குறிப்பிட்டு, பயனாளிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பீலியும் வடிகாலும் வீட்டின் அங்கமாகக் கணிக்கப்பட வேண்டும். அஸ்பெஸ்டஸை அகற்றிக் கையளிப்பதற்கு ஒவ்வொரு பிரதேசத்திலும் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையோடு சேர்த்து உறுதிப்பத்திரமும் கையளிக்கப்பட வேண்டும்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நாவலப்பிட்டி இரயில் முனையத்தில் இறங்கிய தகரத்தைத் தலையில் சுமந்து மலையேற்றியவர்களின் வழித்தோன்றல்கள், அடுத்த வைகாசி மழைக்கும் பாத்திரம் வைத்து நீர் பிடிக்க வேண்டுமா என்பதே இன்றுள்ள கேள்வி. அதற்கான விடை ஹார்ட்வெயார் கடையில் பாதியும், காணிக் கந்தோரில் பாதியும் இருக்கிறது.